வரத்துக் கால்வாயும் வணிகர் கடமையும்

சரக்கு வரத்து நின்றுவிட்டால் கிட்டங்கி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. இது நம் அனைவருக்கும் தெரிந்த உண்மை. குளத்துக்கும் இதே கணக்குத்தான். கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, விளக்கும் வைத்துவிட்டால் குளம் நிரம்பிவிடாது. தண்ணீர் வரும் வழி திறந்திருக்க வேண்டும்.

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தையே எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டியது. வைகை நீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து அதை நிரப்ப வேண்டும். கால்வாய் தூர்ந்து கிடந்த காலத்தில் அத்தனை பெரிய குளம் பிள்ளைகள் பந்து விளையாடும் திடலாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் கால்வாயைச் சீர்செய்த பின் வைகை நீர் மீண்டும் வந்து சேர்ந்தது. குளம் அதே குளம்தான், வரத்துதான் மாறியது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளங்கள் உண்டு என்கிறது அரசுக் கணக்கு. அவற்றின் கால்வாய்களை அடைத்தது யார்? சாயப்பட்டறை, சாக்கடை, ஆக்கிரமிப்பாளர் என்று பிறரைக் கைகாட்டுவது எளிது. நம் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். விலைபோகாமல் அழுகிய வெங்காயத்தையும் தக்காளியையும் இரவோடு இரவாகக் கால்வாயில் கொட்டியது நாம்தான். 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்துக் கொடுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். சில கடைகளின் பின்சுவர் கால்வாய்க் கரைமேலேயே நிற்கிறது. சங்கக் கூட்டத்தில் இதைப் பேச நாம் தயங்குகிறோம்.

"குளம் வறண்டால் நமக்கென்ன? கேன் தண்ணீர் விற்பனை கூடத்தானே செய்கிறது" என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. தண்ணீருக்குக் காசு கொடுத்த குடும்பம் மளிகைச் சீட்டில் எதைக் குறைக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கிணற்றில் நீரில்லாத விவசாயி மண்டிக்கு எதைக் கொண்டுவருவார்? கால்வாய் அடைபட்ட ஊரில், ஐப்பசி மழைத் தண்ணீர் தாழ்வான கடைவீதிக்குள்தான் முதலில் நுழைகிறது. நனைந்துபோன சர்க்கரை மூட்டைக்கு யார் ஈடு தருவார்?

நம் முன்னோர் எல்லாவற்றையும் அரசின் வேலை என்று விட்டுவிடவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்து ஊருக்குச் செய்தார்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையே மகமைப் பணத்திலும் வீடுதோறும் திரட்டிய பிடியரிசியிலும் வளர்ந்ததுதான். கிராமங்களில் குடிமராமத்து என்று ஊரே கூடி மண்வெட்டி எடுத்தது. 2017இல் அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும், ஒரு முறை தூர்வாரிய கால்வாயை ஆண்டுதோறும் கவனிக்க உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த இடத்தில் வணிகர் சங்கம் நிற்கலாம்.

நாம் சொல்ல விரும்புவது நான்கு காரியங்கள். ஒவ்வொரு கடைவீதிச் சங்கமும் தன் பகுதியில் ஓடும் கால்வாயின் ஒரு நீளத்தை, நகராட்சியின் அல்லது நீர்வளத் துறையின் அனுமதியோடு, தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். மழைக்கு முன்பாக, புரட்டாசிக்குள் அதைச் சுத்தம் செய்துவிட வேண்டும். அழுகல் சரக்கைச் சேர்த்து உரமாக்க மண்டிக்கு ஒரு குழியாவது அமைய வேண்டும். செலவுக்கு, பழையபடி மூட்டைக்குச் சிறு தொகை மகமையாக ஒதுக்கி, தனிப் பேரேட்டில் எழுதி, ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்று. கால்வாய்க் கரையில் சுவர் எழுப்பிய உறுப்பினர், நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் தாமே பின்வாங்க வேண்டும். நஷ்டம்தான், வருத்தம்தான். அவருக்கு இடமாற்றச் செலவில் சங்கம் கைகொடுப்பதே நியாயம். நம் வீட்டுக் குப்பையை நாம் அள்ளாதவரை, ஆலைக்காரரைப் பார்த்துக் கழிவை விடாதே என்று சொல்ல நமக்கு வாய் ஏது?

எடையில் குறை வைக்காதவன் என்று பெயர் எடுப்பது வணிகருக்குப் பெருமை. ஊர்த் தண்ணீரைக் கெடுக்காதவன் என்ற பெயரும் அதனோடு சேரட்டும். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.