வறட்சிக்கு ஒரு சொல் போதாது

குறுவை போய், சம்பாவும் கருகினால் தஞ்சை விவசாயிக்கு வருவதையெல்லாம் நாளிதழ்கள் ‘மன அழுத்தம்’ என்று முடித்துவிடுகின்றன. உளவியலில் அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. கடன் தவணை நெருங்கத் தூக்கம் கெடுவது அழுத்தம். காரணம் விலகினால் பெரும்பாலும் அதுவும் விலகும். மனச்சோர்வு நோய். துக்கமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரமாவது, ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி நீடித்து, தூக்கம், பசி, கவனம் போன்றவையும் குலைந்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைத் தருகிறது. அடுத்த போகம் நன்றாக விளைந்தாலும் அது போகாமலிருக்கலாம்.

2016-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதில் செப்டம்பர் 20-இல்தான் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. டெல்டாவில் விவசாயிகள் அடுத்தடுத்து இறந்தபோது, வறட்சியா சொந்தக் காரணமா என்றே வாதம் நடந்தது. வசதியான குழப்பம் (யாருக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை). நோய்ப்பெயர் சூட்டினால் தண்ணீரும் கடன் தள்ளுபடியும் கேட்கும் நியாயம் நீர்த்துப்போகும் என்பார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் வறட்சி தூண்டிய மனச்சோர்வும் மனச்சோர்வுதான். இழப்பீடு கொடுத்தால் சிகிச்சை வேண்டாம் என்றோ, சிகிச்சை கொடுத்தால் இழப்பீடு வேண்டாம் என்றோ ஆகாது. தற்கொலைக்கு முயன்றவருக்குப் பராமரிப்பு அளிப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசின் கடமையாக்கியிருக்கிறது. கடன் கேட்டு வரும் விவசாயியைப் பார்க்கும் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளருக்கும் அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாடு தெரிய வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் வயல் பக்கம் போகாதவர் உங்கள் தெருவில் இருந்தால், மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கச் சொல்லுங்கள், கட்டணமில்லை.