பங்கு வாங்கியவர் ரசிகர் அல்ல, உரிமையாளர்



நீண்ட பதிவுதான். பங்குச் சந்தையில் காசு போட்டிருக்கும் தம்பிமாராவது கடைசி வரை வாசியுங்கள்.

நம்மூர் வட்ஸ்அப் குழுமங்களில் இப்போது ஒரு வழக்கத்தைப் பார்க்கிறேன். ஒரு தொழில்நுட்பக் கம்பனியின் பங்கை வாங்கிய நாளிலிருந்து அதற்குச் சம்பளமில்லாத விளம்பர முகவராக மாறிவிடுகிறார்கள். கம்பனி விடும் வீடியோவெல்லாம் பகிரப்படும். அதே பங்கை வைத்திருக்கும் ஒருவர் "இது உண்மையில் வேலை செய்கிறதா?" என்று கேட்டுவிட்டால் போதும். "பங்கை வைத்துக்கொண்டே இப்படிக் கதைக்கலாமா? விலை விழுந்தால் உனக்கும்தானே நஷ்டம்?" என்று ஏச்சு.

நான் நேர் எதிராகச் சொல்கிறேன். பங்கு வைத்திருப்பவர்தான் முதலில் கேட்க வேண்டும். மற்றவருக்கு அது வேடிக்கை. உங்களுக்கு அது சொந்தக் காசு.

அமெரிக்காவின் நிக்கோலா கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனிலும் மின்சாரத்திலும் ஓடும் லொறி செய்வதாகச் சொன்ன கம்பனி. 2018 ஜனவரியில் ஒரு வீடியோ வெளியிட்டது. பாலைவனச் சாலையில் அதன் லொறி கம்பீரமாக வருகிறது. 2020 ஜூனில் கம்பனி நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. ஒரு லொறிகூட விற்றிருக்கவில்லை. ஆனாலும் சில நாட்களில் அதன் சந்தைப் பெறுமதி போர்ட் கம்பனியையே தாண்டியது.

2020 செப்டெம்பர் 10ஆம் திகதி ஹின்டன்பர்க் நிறுவனத்தின் அறிக்கை வந்தது. அந்த லொறியை மேட்டுக்கு இழுத்துச் சென்று, பள்ளத்தில் உருள விட்டுப் படம் பிடித்தார்கள் என்றது அது. கதவு திறந்துவிடாமல் இருக்க அதை டேப் போட்டு ஒட்டியிருந்ததும் பின்னர் வழக்கில் வெளிவந்தது.

கம்பனியின் பதில் என்ன தெரியுமா? லொறி தன் சொந்த வலுவில் ஓடுகிறது என்று நாங்கள் சொல்லவேயில்லை, "இயக்கத்தில்" என்றுதானே தலைப்புப் போட்டோம் என்றார்கள்!

தமிழ்ப் பாடத்தில் பிள்ளைகளுக்குத் தன்வினை, பிறவினை படிப்பிக்கிறோம். உருண்டான் வேறு, உருட்டினான் வேறு. அந்த ஒரு வேறுபாட்டுக்குள்தான் பல்லாயிரம் சிறு முதலீட்டாளர்களின் காசு போனது.

காலத்தையும் கவனியுங்கள். ஸ்தாபகர் ட்ரெவர் மில்டன், குறைந்த செலவில் ஹைட்ரஜன் உற்பத்தி செய்கிறோம் என்று நிகழ்காலத்தில் பேசினார். உண்மையில் கம்பனி அப்போது ஹைட்ரஜனே உற்பத்தி செய்திருக்கவில்லை. "செய்வோம்" என்பது ஆசை. "செய்கிறோம்" என்பது வாக்குமூலம்.

"பெரிய ஆட்களே நம்பினார்களே" என்பீர்கள். ஆம், அந்த அறிக்கைக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் ஜெனரல் மோட்டர்ஸ் 11 சதவீதப் பங்குக்கு ஒப்பந்தம் அறிவித்தது. விலை எகிறியது. ஆனால் ஜெனரல் மோட்டர்ஸ் அந்தப் பங்குக்குக் காசு கொடுக்க இருக்கவில்லை. தொழில்நுட்பமும் சேவையும் தருவதற்குப் பதிலாகப் பங்கு பெறுவதுதான் ஏற்பாடு. நவம்பரில் அந்தப் பங்குத் திட்டமும் கைவிடப்பட்டது. பெரியவர் காசு போடாத இடத்தில், பெரியவரை நம்பிச் சிறியவர் காசு போட்டார்.

"ஹின்டன்பர்க் விலை விழுந்தால் இலாபம் காணும் ஆட்கள்தானே?" என்றும் கேட்பீர்கள். சரிதான். அவர்களுக்கு அதில் இலாபம் உண்டு. விளம்பரம் செய்பவருக்கு மட்டும் இலாபம் இல்லையா? சொல்பவரின் நோக்கத்தைப் பாருங்கள், அதோடு விட்டுவிடாமல் சொன்னது உண்மையா என்றும் பாருங்கள். அதே 2020 ஜூனில் புளூம்பர்க் செய்தியும், 2016இல் காட்சிக்கு வைத்த லொறியில் முக்கிய பாகங்களே இருக்கவில்லை என்று எழுதியிருந்தது. கேட்க விரும்பியவருக்கு அது போதுமாக இருந்தது.

முடிவு என்ன? 2021 டிசம்பரில் கம்பனி 125 மில்லியன் டொலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. அது யாருடைய காசு? பங்குதாரர்களின் காசு! மில்டன் 2022இல் மோசடிக் குற்றவாளியாகக் காணப்பட்டார், 2023இல் நான்கு வருடச் சிறைத்தண்டனை. 2025 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரம்ப் அவருக்கு மன்னிப்பும் கொடுத்துவிட்டார். அதற்கு முந்திய மாதமே கம்பனி வங்குரோத்து என்று நீதிமன்றம் போனது. இடையில் நிஜமான லொறிகளையும் செய்து விற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பொய்யின் மேல் ஏறிய விலையை அந்த லொறிகளால் தாங்க முடியவில்லை. ஸ்தாபகருக்கு மன்னிப்புக் கிடைத்தது. உச்ச விலையில் வாங்கிய சிறியவருக்கு யார் என்ன கொடுத்தார்?

ஆகவே, கேள்வி கேட்டால் விலை விழும் என்று ஒருவரையொருவர் வாயடைக்காதீர்கள். ஒரு கேள்விக்கே விழும் விலை உண்மையான விலை அல்ல.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆண்டறிக்கையைத் திறவுங்கள். விளம்பரத்தில் "செய்கிறோம்" என்று இருப்பது, ஆபத்துகளைச் சொல்லும் பகுதியில் "செய்ய முடியாமலும் போகலாம்" என்று இருக்கிறதா பாருங்கள். இன்று காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் யார் என்று தேடுங்கள். ஸ்தாபகர் தன் பங்கை விற்கிறாரா என்று பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் கம்பனிக்கு எழுதுங்கள், பொதுக்கூட்டத்தில் கேளுங்கள்.

சந்தையில் ஒரு கிலோ மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். மீன்காரர் கோபித்தாலும் பார்க்கிறோம். இலட்சக் கணக்கில் போட்ட இடத்தில் பார்க்க வெட்கப்படுவது ஏன்?

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஏசாமல் எழுதினால் பதில் தருவேன், இன்ஷா அல்லாஹ்.