ரைஸ் குக்கர் மாத்தறீங்களா? ‘கரண்ட் மிச்சம்’ங்கிற பேச்சுக்குக் காசு குடுக்காதீங்க

பழைய எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் மக்கர் பண்ணுது, புதுசு வாங்கப் போறீங்க. “2,000 ரூபாய் கூடப் போட்டா இந்த மாடல், கரண்ட் பில் குறையும்”னு கடையில சொல்றாங்க. கார்டை நீட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு.

700 வாட் குக்கர் தினமும் அரை மணி நேரம் ஓடினா 0.35 யூனிட். 30 நாளைக்கு 10.5 யூனிட். புது மாடல் இதில் 10 சதவீதம் மிச்சம் பிடிச்சாலும் மாசம் ஒரு யூனிட்தான். யூனிட் 10 ரூபாய்னு தாராளமா வெச்சாலும் வருஷத்துக்கு 126 ரூபாய். போட்ட 2,000 திரும்பி வர கிட்டத்தட்ட 16 வருஷம்! அதுவரை அந்தக் குக்கர் உழைக்குமா?

அடுத்து ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. கிரெடிட் கார்டு வட்டிக்குச் சமமா தள்ளுபடி கிடைச்சாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையிலதான். ப்ராசசிங் ஃபீ இருந்தா அதுவும், அதுக்கான ஜிஎஸ்டியும் தனி. தொகை சின்னதுதான். ஆனா அடுத்த ஆறு மாசச் சம்பளத்தை ஒரு குக்கருக்கு எழுதிக் குடுக்கணுமா?

என் கருத்து இதுதான். முதல்ல ரிப்பேர் கடையில காட்டுங்க. தெர்மல் ஃபியூஸ் மட்டும் போயிருந்தா செலவு ரொம்பக் கம்மி. கோட்டிங் உரிஞ்சிருந்தா உள்பாத்திரம் மட்டும் தனியா கிடைக்குதான்னு கேளுங்க. ஷாக் அடிக்குதா? உடனே பிளக்கைக் கழட்டிடுங்க, சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அது இல்ல.

புதுசுதான்னு முடிவாயிட்டா, உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கிற, வீட்டு ஆளுங்களுக்கு ஏத்த அளவுள்ள சாதாரண மாடலே போதும். பில்லைப் பத்திரமா வைங்க, வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.