வேலியே மேய்ந்த வழக்கு

அரசின் முறைகேட்டைக் காரணம் காட்டி ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்யும்போதெல்லாம் ‘சட்டத்தின் ஓட்டை வழியே தப்பிவிட்டான்’ என்ற அங்கலாய்ப்பு எழுகிறது. காவலர் தவறியதற்காகக் குற்றவாளியை விட்டுவிடுவதா என்று அமெரிக்க நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ 1926-லேயே ஐயுற்றார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

டேனியல் எல்ஸ்பர்க் வழக்கை எடுத்துக்கொள்வோம். வியட்நாம் போர் குறித்த ஏறத்தாழ 7,000 பக்க ரகசிய ஆய்வை நகலெடுத்து அவர் பத்திரிகைக்கு அளித்தார். நியூயார்க் டைம்ஸ் 1971 ஜூன் 13 அன்று அதை வெளியிடத் தொடங்கியது. நகலெடுத்ததை அவர் மறுக்கவேயில்லை. எதிர்நோக்கிய தண்டனையோ அதிகபட்சம் 115 ஆண்டுகள்.

அரசு செய்தது என்ன? 1971 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் ரகசியக் குழுவினர் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தனர். அவரது தொலைபேசிப் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டிருந்தது. நீதிமன்றம் கேட்டபோது அப்பதிவுகளைக் காணவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரணை நடக்கும்போதே நீதிபதி மேத்யூ பைர்னிடம் எஃப்.பி.ஐ. இயக்குநர் பதவி பற்றி நிக்சனின் ஆலோசகர் எர்லிக்மன் பேசினார். 1973 மே 11 அன்று, மீண்டும் தொடர முடியாதவாறு பைர்ன் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

தவறிழைத்த அதிகாரிகளை மட்டும் தண்டித்தால் போதாதா என்பார்கள். எர்லிக்மன் 1974-இல் தண்டிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த அத்துமீறல் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மறைந்தே கிடந்தது. வாட்டர்கேட் என்ற இன்னொரு குற்றத்தைத் துருவியதாலேயே வெளிப்பட்டது. தற்செயலை நம்பியா குடிமக்கள் வாழ்வது? அதிகாரி சிறை சென்றாலும் வழக்கு நிலைக்கும் என்றால், அடுத்துவரும் அரசு அச்சிறையை ஒரு செலவாகக் கணக்கெழுதிக்கொள்ளும்.

எல்லாப் பிழைக்கும் தள்ளுபடியே மருந்து என்று நாம் சொல்லவில்லை. கறைபட்ட சாட்சியத்தை விலக்கியோ, மறுவிசாரணை நடத்தியோ சரிசெய்யக் கூடியவற்றை அவ்வாறே சரிசெய்யலாம். தொலைந்த பதிவை எதைக்கொண்டு ஈடுசெய்வது? பதவி ஆசை காட்டப்பட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பை, அது எப்பக்கம் சாய்ந்தாலும், யார் நம்புவார்?

எல்ஸ்பர்க் குற்றவாளியா என்பதற்கு ஜூரி விடை சொல்லவேயில்லை; 2023-இல் அவர் இறந்தபோதும் அக்கேள்வி அப்படியே இருந்தது. அவ்விடையைப் பறித்தது நீதிபதியல்ல, வழக்குத் தொடுத்த அரசுதான்.