முதலில் வீட்டிலுள்ள கடதாசிகளைப் பாருங்கள்



ஜெயபுரத்திலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு உயர்தரப் பெறுபேறு நல்லபடி வந்திருக்கிறது. பிரித்தானியாவில் படிப்பிக்க லண்டனிலுள்ள தாய்மாமன் செலவு செய்ய ஆயத்தமாம். "எந்த ஏஜென்சி நல்லது எண்டு சொல்லுங்கோ" என்று கேட்கிறார்.

ஏஜென்சியைப் பிறகு பார்ப்போம் அம்மா. முதலில் வீட்டிலுள்ள கடதாசிகளை எல்லாம் எடுத்து ஒரு பாயில் பரப்புங்கள். மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பெறுபேற்றுப் பத்திரங்கள், உங்களுடைய வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஒன்றில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும் நிற்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் ஒரு எழுத்துக் கூடியிருக்கும். ஊரில் இதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. விசா அதிகாரி எடுப்பார். திருத்தமென்றால் பிரதேச செயலகம், பரீட்சைத் திணைக்களம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று அலைய வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் இழுபடும். அதனால்தான் அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திராமல் இன்றைக்கே தொடங்கச் சொல்கிறேன்.

வன்னியில் இது வெறும் எழுத்துப் பிழையோடு முடிகிற விடயமல்ல. 2009இல் இறுதிப் போரின்போது முள்ளிவாய்க்கால்வரை போய் மீண்ட எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்கள் வழியிலேயே தொலைந்தன. இடப்பெயர்வுக்குள் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது உயர்தர வயதில் நிற்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பிறப்புப் பதிவே காலங்கடந்து செய்யப்பட்டது. தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட வீடுகளில், விண்ணப்பப் படிவம் அவரைப் பற்றிக் கேட்கும் இடத்தில் பிள்ளையின் பேனை நின்றுவிடுகிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாரை நான் அறிவேன். அதை எடுக்கும்படி அவர்களிடம் சொல்ல எனக்கும் வாய் வராது. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழி செய்தது. மரணமென்று ஒப்புக்கொள்ளாமலே தகப்பன் இல்லாத நிலையை எழுத்தில் காட்ட அது உதவும்.

இனிக் காசுக் கதை. லண்டன் மாமாவின் வங்கிக் கணக்கைக் காட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிரித்தானிய மாணவர் விசாவுக்கு அது செல்லாது. பணம் பொதுவாகப் பிள்ளையின் பெயரில் அல்லது பெற்றோரின் பெயரில் இருக்கவேண்டும். தாயின் கணக்கென்றால், அவர்தான் தாய் என்பதற்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். பெயரைச் சரிபார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு வெளியே படிப்பவர் வாழ்க்கைச் செலவுக்கென்று மாதம் 1,171 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்டவேண்டும். அது 10,539 பவுண். முதலாம் வருடக் கட்டணத்தில் கட்டாத மிகுதி வேறு. அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்கவேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

இந்தத் தொகைக்குக் காணியை நம்பவும் முடியாது; எங்கள் பக்கத்தில் பல காணிகள் அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிட் காணிகள். நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. இந்த நெருக்கடி தெரிந்துதான் சிலர் வந்து, கணக்கில் காசு போட்டுக் காட்டித் தருகிறோம், வட்டி மட்டும் தாருங்கள் என்கிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் பிரித்தானியா பத்து வருடமும் கனடா ஐந்து வருடமும் கதவைச் சாத்தும். தண்டனை பிள்ளையின் பெயரில்தான் விழும், கடதாசி செய்து கொடுத்தவருக்கு அல்ல. 2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் தெருவில் இறங்கியது நினைவிருக்கும். முகவர் கொடுத்த அனுமதிக் கடிதம் போலி என்பதே அவர்களில் பலருக்கு வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. ஏஜென்சிக்குப் போனாலும், கல்லூரி உண்மையில் அனுமதி தந்ததா என்று மகளே தன் மின்னஞ்சலிலிருந்து கல்லூரிக்கு எழுதிக் கேட்கட்டும்.

ஏன் இந்தப் படிப்பு, ஏன் அந்த நாடு என்ற பதிலையும் அவளே எழுதவேண்டும். அவுஸ்திரேலியா 2024 மார்ச்சிலிருந்து இப்படியான கேள்விகளுக்கு 150 சொற்களுக்குள் பதில் கேட்கிறது. பிரித்தானியா நேர்முகத்துக்கும் அழைக்கலாம். இன்னொருவர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்தவர், அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவார். ஜெயபுரத்து வயலையும், தண்ணீர் வற்றும் குளத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளை நீர் முகாமைத்துவம் படிக்க விரும்பினால், அதற்குச் சொல்ல அவளிடமே காரணம் இருக்கிறது.

செலவு தாங்காதென்றால், இந்திய அரசின் புலமைப்பரிசில்களையும் பாருங்கள். விவரம் கேட்க யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பதையும், வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியதையும் மறக்கவேண்டாம். இங்கே பட்டம் முடித்து மேற்படிப்புக்குப் போவதும் நல்ல வழிதான்.

வெளிநாட்டில் இதை வாசிக்கும் மாமாமாருக்கும் சித்திமாருக்கும் ஒரு வேண்டுகோள். உதவுவதென்று முடிவெடுத்தால் கடைசிக் கிழமையில் அனுப்பாதீர்கள். முன்கூட்டியே, வங்கி வழியாக, பிள்ளையின் பெயருக்கே அனுப்புங்கள்; அனுப்பிய பற்றுச்சீட்டையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்