பிரிக்கவும் தெரிந்து கட்டுவோம்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்” என்றார்கள் நம் முன்னோர். வீட்டைப் பிரித்துப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அன்று இல்லை. அவர்கள் கட்டிய வீடு பிரிப்பதற்கும் இசைந்தே நின்றது.

கொல்லிமலையின் தேவனூர் நாடு என் பிறப்பிடம். மண்சுவரும் மரத்தூண்களும் புல்கூரையும் கொண்டது என் பாட்டனார் வீடு. அதைப் பிரித்தபோது தூண்களும் கதவும் சித்தப்பா வீட்டுக்குப் போயின. சுவர்மண் குழைபட்டு மீண்டும் சுவராயிற்று. மக்கிய புல் வயலுக்கு எருவாயிற்று. வீணானது ஏதுமில்லை.

பின்னர் அருகில் ஒரு கான்கிரீட் கட்டடத்தை இடித்தார்கள். கம்பி எடைக்குப் போயிற்று. மற்றதெல்லாம் ஓடைச்சரிவில் இன்றும் கிடக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவந்த சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் ஒரே பிறவிதானா?

நகரத்தின் கதையும் இதுவே. 2022 ஆகஸ்ட் 28-இல் நொய்டாவில் இரட்டைக் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் ஏறக்குறைய 80,000 டன் இடிபாடு குவிந்தது. “பொடித்துப் பயன்படுத்தலாமே?” என்பீர்கள். பயன்படுத்தலாம். ஆனால் பொடித்த கான்கிரீட் ஜல்லியாகத் திரும்புமேயன்றித் தளமாகத் திரும்பாது. புதிய தளத்துக்குப் புதிய சிமெண்ட் வேண்டும். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தயாரிப்பால் விளைவது.

குற்றம் கான்கிரீட்டினுடையதன்று, இணைப்பினுடையது. இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். ஆணி அடித்தால் இரண்டும் ஒன்றாகி விறைத்து நிற்கும். எஃகுச் சட்டக் கட்டடங்களின் தளமும் இப்படித்தான். எஃகு உத்தரத்தின்மேல் குமிழ்த்தலை முளைகளை வெல்டிங் செய்து, அவை புதையும்படி கான்கிரீட் ஊற்றுகிறார்கள். எஃகு குறைவாகச் செலவாகிறது. ஆனால் பின்னாளில் உடைத்தாலன்றி இரண்டும் பிரியா.

இதற்கு மாற்று உண்டு. தளத்தைப் பலகை பலகையாக முன்கூட்டியே வார்த்து, அவற்றில் பதித்த காடிகளின் வழியே போல்ட் பூட்டி, உத்தரத்தின் விளிம்பை இரும்புப் பிடிகளால் கவ்வச் செய்வது. உராய்வே வழுக்கலைத் தடுக்கும். போல்ட்டைக் கழற்றினால் பலகை பலகையாகவும், உத்தரம் உத்தரமாகவும் கிடைக்கும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய தளங்களைச் செய்து, பாரமேற்றிச் சோதித்திருக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதா? நம் தச்சர்கள் கழுந்தும் துளையும் வைத்து, ஆப்பு அடித்து இணைத்ததும் இதே அறிவுதான். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குச் சென்று பாருங்கள். இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். இன்றைய கான்கிரீட் வீடு ஒன்றை அவ்வாறு பெயர்த்து வைக்க எவரால் இயலும்?

தடைகள் இல்லாமலில்லை. முதற்செலவு கூடும். மலையின் ஈரத்தில் போல்ட் துருப்பிடிக்காமல் காக்க வேண்டும். நிலநடுக்கத்தில் பலகைகள் சிதறாமல் ஒன்றாக நிற்கவும் வழிசெய்ய வேண்டும். பழைய பலகையின் வலிமையைச் சோதித்துச் சான்று கூறுவோரும் தேவை. இவை பொறியாளர்கள் தீர்க்கக்கூடியவை. ஆனால் ஓடையில் கொட்டிய காரையை யார் தீர்ப்பது?

ஆகவே என் கருத்து இது: மலைமேல் எழும் பொதுக் கட்டடம் ஒன்றையாவது இம்முறையில் கட்டிக் காட்ட வேண்டும். கட்டும் வரைபடத்தோடு பிரிக்கும் வரைபடத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குப்பின் வருபவனுக்கு அது உதவும்.

நண்பர்களே, நாம் பொறியாளர்கள் அல்லர். ஆயினும் நாளை நம்மில் பலர் வீடு கட்டுவோம். அன்று கொத்தனாரிடம் “எப்படிக் கட்டுவீர்கள்?” என்று கேட்கும்போதே, “எப்படிப் பிரிப்பீர்கள்?” என்றும் கேட்போம். என் பாட்டனாரிடம் அக்கேள்விக்கு விடை இருந்தது.