653ஆம் எண் வண்டியில் போனவர்கள்

மாண்புமிகு ஒன்றிய ரயில்வே அமைச்சர் அவர்களுக்கு,

1964 டிசம்பர் 22 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி போய்ச் சேரவில்லை. ஆறு பெட்டிகள், பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர் என்பது அன்றைய கணக்கு. ஊரை நெருங்கியபோது, புயலால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. சற்றுப் பொறுத்துப் பார்த்த ஓட்டுநர் நீளமாக ஊதிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்று சொல்வார்கள். பொங்கி வந்த கடல் பெட்டிகளோடு எல்லாரையும் வாரிக்கொண்டு போயிற்று.

அதே புயலில் கடல்மேல் நிற்கும் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் போயின. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அது சீரானது. பாலத்தைப் பற்றிப் பேசுவோர் யாரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் வண்டியில் போனவர்கள் அந்தப் பேச்சில் வெறும் எண்ணாக மட்டுமே வந்து போகிறார்கள்.

அந்த எண்ணும் முழுமையானதல்ல. அன்றைய பாசஞ்சர் டிக்கெட் விரலளவு கெட்டி அட்டை. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். வாங்கியவர் பெயர் இருக்காது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களுக்கோ அந்த அட்டைகூட இல்லை. அவர்களையும் சேர்த்தால் இருநூறை நெருங்கும் என்போர் உண்டு. ஆகவே இறந்தவர்களின் பெயர்கள் வீடுகளில்தான் கிடைக்கும். அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் சில பெயர்கள் சொல்ல ஆளின்றிப் போகும்.

ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரயில் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை வந்தாலும் வராவிட்டாலும் சரி, பெயர் திரட்டும் வேலை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணியில் இறந்த ஐவரிடமிருந்து தொடங்கலாம். அவர்கள் ரயில்வேயிடம் சம்பளம் வாங்கியவர்கள், பழைய பணிப் பதிவேடுகளில் தேட வழி உண்டு. மற்றவர்களுக்காகப் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் ஊர்க்கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும். கிடைக்கும் பெயர்களைத் தமிழில், ஊரும் வயதும் சேர்த்து, வண்டி கடைசியாகப் புறப்பட்ட பாம்பன் நிலையத்தின் நடைமேடையில் கல்லில் பொறிக்க வேண்டும். பெயர் தெரியாதவர்களுக்கும் அதே கல்லில் இடம் விட வேண்டும்.